பன்னிரண்டு மாதம், நான்கு தொடக்கம்: சித்தூர் எல்லையில் ஒரு இரண்டாம் வகுப்பு

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மாதங்களைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஜனவரியில் மூச்சை இழுத்து டிசம்பரில் விடுவார்கள். அதே பிள்ளையிடம் "ஆகஸ்ட்டுக்கு அடுத்து என்ன?" என்று கேட்டால் பதில் உடனே வராது. உதடு மட்டும் அசையும். கவனித்துப் பார்த்தால் ஜனவரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வருவது தெரியும். ஆகஸ்ட் வந்ததும் குரல் எழும், "செப்டம்பர்!" என்று கத்துவார்கள். பதில் சரிதான், மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வருடம் தெரியுமா என்பது வேறு கேள்வி. ஒரு கல்வியாண்டு முழுக்க அந்தக் கேள்வியோடு ஒரு வகுப்பில் நடந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இடமும் பிள்ளைகளும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவை ஆந்திரச் சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை என்று இந்தத் தாலுகாவின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் நிறைய. வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் செக்போஸ்டுகளைத் தாண்டினால் கோவை மாவட்டம். சாமான் வாங்குவதும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் பொள்ளாச்சிப் பக்கம்தான். ரேஷன் கார்டும் பள்ளிக்கூடமும் கேரளம்.

எங்களுடையது தமிழ் வழி எல்.பி. பள்ளி, அதாவது ஒன்றிலிருந்து நான்கு வரை. பாடத்திட்டம் கேரளத்தினுடையது, புத்தகம் தமிழில். இரண்டாம் வகுப்பில் இருபதுக்கும் குறைவான பிள்ளைகள். மாந்தோப்பு, தென்னந்தோப்பு வேலைக்குப் போகும் வீடுகள், லாரி ஓட்டும் அப்பாக்கள், சில ராவுத்தர் குடும்பங்கள், அம்மா மலையாளமும் அப்பா தமிழும் பேசும் ஒன்றிரண்டு வீடுகள்.

இந்தப் பக்கத்து வீடுகளில் சுவரைப் பார்த்தால் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று மலையாளப் பத்திரிகை போடும் மாதக் காலண்டர். பெரிய எண்ணில் இங்கிலீஷ் தேதி, ஓரத்தில் சின்ன எழுத்தில் சிங்ஙம், கன்னி, துலாம். இன்னொன்று பொள்ளாச்சி ஜவுளிக்கடையோ நகைக்கடையோ கொடுத்த, தினமும் கிழிக்கிற சிவகாசிக் காலண்டர். அதில் சித்திரை, வைகாசி, ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாம் இருக்கும். ராவுத்தர் வீடுகளில் இதோடு ஹிஜ்ரி மாதங்களும் சேரும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை இத்தனைக்கும் நடுவில்தான் வளர்கிறது.

"அதனாலதான் டீச்சர் இவங்களுக்கு மாசம் நிக்கவே மாட்டேங்குது" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை சொல்வார். எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் பட்டது. கேட்டுப் பார்த்தபோது தெரிந்தது வேறு.

முதலில் கேட்டுப் பார்த்தது

ஜூனில், பள்ளி திறப்பு விழாவான பிரவேசனோற்சவத்தின் பலூன்கள் சுருங்கிய பிறகு, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துச் சில கேள்விகள் கேட்டேன். வரிசையாகச் சொல்வது, ஒரு மாதத்துக்கு அடுத்தது, முந்தியது, நடுவிலிருந்து தொடங்கிச் சொல்வது, டிசம்பரைத் தாண்டுவது. கடைசியாக, "ஓணப் பரீட்சைக்கும் கிறிஸ்துமஸ் பரீட்சைக்கும் நடுவுல எத்தனை மாசம்?" என்ற மாதிரி தூரம் கேட்கும் கேள்வி.

வரிசை பெரும்பாலானவர்களுக்கு வந்தது. முதல் வகுப்பில் பாட்டாகவே படித்திருக்கிறார்கள். "மார்ச்சுக்கு அடுத்து?" என்றால் சட்டென்று "ஏப்ரல்". "அக்டோபருக்கு அடுத்து?" என்றால் நீண்ட முணுமுணுப்பு. கேட்ட மாதம் வருடத்தில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ பதிலும் அவ்வளவு தள்ளி வந்தது. மூன்று காலண்டர் கலந்து குழம்பிய பிள்ளை இப்படிச் செய்யாது, ஆவணியையோ துலாத்தையோ நடுவில் செருகும். அப்படிச் செருகியவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களுக்குச் சிக்கல் ஒன்றுதான், அந்தப் பாட்டுக்கு ஒரே ஒரு வாசல். ஜனவரி வழியாக மட்டும்தான் உள்ளே போக முடியும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஃபிரீட்மன் 1980களில் பிள்ளைகளின் கால அறிவைப் பற்றிச் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. சின்ன வயதில் மாதங்கள் மனதில் ஒரு சொல்வரிசையாக இருக்கின்றன. எங்கிருந்தும் முன்னும் பின்னும் போகக்கூடிய ஒரு படமாக அவை மாறுவதற்குப் பதின்ம வயது ஆகிவிடுகிறது. ஆக, ஏழு வயதில் பின்னோக்கிச் சொல்லத் திணறுவது மந்தம் அல்ல, அது அந்த வயது.

டிசம்பரைத் தாண்டும் கேள்விக்கு வந்த பதில்களை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். சிலர் "ஜனவரி" என்றார்கள். சிலர் பேசாமல் நின்றார்கள். ஒரு பையன், "டிசம்பரோட முடிஞ்சுது டீச்சர். அப்புறம் காலண்டரை மாத்தோணும்" என்றான். அவனைப் பொறுத்தவரை வருடம் என்பது தாள் தீர்ந்துபோகிற ஒரு பொருள்.

இரண்டு பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒரு சிறுமி, வகுப்பிலேயே வேகமாகச் சொல்பவள். தமிழ் மாதங்களும் அவளுக்கு மனப்பாடம், அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லிக் கொடுத்தது. இரண்டு வரிசையும் பிசகாது. ஆனால் "இப்ப என்ன மாசம்?" என்றால் ஜன்னலைப் பார்ப்பாள்.

இன்னொருவன், முதலமடைப் பக்கத்து மாந்தோப்புகளுக்கு அப்பா வேலைக்குப் போகிறவர். மே வரை ஒருவழியாக வந்து நின்றுவிடுவான். அதற்கப்புறம் அக்டோபரும் ஆகஸ்ட்டும் இடம் மாறும். ஆனால் வருடம் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. மழை விட்டுக் கிழக்குக் காற்று வந்தால் மா பூ எடுக்கும். அப்போது கிறிஸ்துமஸ் பரீட்சை. பொங்கலுக்கு அப்புறம் பிஞ்சு திரண்டு பறிப்பு ஆரம்பிக்கும், அப்பா ராத்திரி வீட்டுக்கு வருவதே நேரம் கழித்துத்தான். பறிப்பு மும்முரமாக இருக்கும்போது ஆண்டுப் பரீட்சை. விஷுவுக்குப் பழம். மற்ற இடங்களுக்கு முன்பே, ஜனவரி, பிப்ரவரியிலேயே சந்தைக்கு வந்துவிடுவதுதான் முதலமடை மாம்பழத்தின் பெருமை. அந்த முந்திரிக்கொட்டைத்தனம் அவன் காலக்கணக்கில் அப்படியே பதிந்திருந்தது. பெயர்கள்தான் இல்லை. எல்லாமே "மாங்கா மாசம்".

தரையில் ஒரு வட்டம்

பள்ளி வராந்தாவில் கோலமாவால் பெரிய வட்டம் போட்டுப் பன்னிரண்டாகப் பிரித்தோம். வாசலுக்கு நேரே இருந்த கட்டத்தில் ஜூன். ஜனவரியில் தொடங்காதது வேண்டுமென்றேதான். பிள்ளைகளுக்கு வருடம் பள்ளி திறக்கும்போதுதான் பிறக்கிறது. புதுக் குடை, புதுப் பை, நனைந்த காலோடு வகுப்புக்குள் வருவது எல்லாம் ஜூன். அதோடு, ஜனவரியில் தொடங்கினால் பாட்டு தானாக ஓட ஆரம்பித்துவிடும். அந்த ஓட்டத்தை நிறுத்துவதுதான் நோக்கம்.

ஒவ்வொரு மாதமும் வர வர, அந்தக் கட்டத்தில் பிள்ளைகள் ஒரு அடையாளம் வைத்தார்கள். முன்கூட்டியே பன்னிரண்டையும் நிரப்பவில்லை. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு நட்ட செடியின் இலை. ஜூலைக்கு ஒரு கிழிந்த குடைத்துணி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும் காலம் அது. மலைத்தொடரில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கும் அந்த இடைவெளியில் புகுந்து வரும் காற்றுக்கு எங்கள் ஓட்டுக் கூரையும் தப்பாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட்டுக்குக் கொடி, அக்டோபருக்குக் காந்தி கண்ணாடி. நவம்பருக்கு இரண்டு அடையாளம்: 1956இல் மாநிலம் உருவான நவம்பர் 1, அப்புறம் பாலக்காட்டுக் கல்பாத்திக் கோயில் தேர். டிசம்பருக்கு மாம்பூ. அதைக் கொண்டுவந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

காலையில் வரிசை நிற்கும்போது ஒருவர் வட்டத்தில் நடப்பார். "இப்ப இருக்கிற மாசத்துல நில்லு. அடுத்த மாசத்துக்குப் போ. அங்கிருந்து மூணு மாசம் தள்ளிப் போ." வாயால் கேட்டபோது வராத பதில் காலால் கேட்டபோது வந்தது. ஒரு மாதம் தாண்டினால் ஒரு அடி என்று ஆனபின் "எத்தனை மாசம்" என்ற தூரக் கேள்வி கிட்டத்தட்ட எல்லோருக்கும் பிடிபட்டது. புறப்படும் கட்டத்தையும் சேர்த்து எண்ணிவிடுவது மட்டும் கடைசிவரை சிலருக்குப் போகவில்லை. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்களே "பதினாறாம் நாள்" என்று சொல்லிவிட்டு எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சண்டை போடுகிறார்கள்.

டிசம்பர் சுவரும் இடிந்தது. தரையில் அங்கே சுவர் இல்லையே. டிசம்பரில் நின்றவன் அடுத்த அடியை எடுத்து வைத்தால் ஜனவரி. "காலண்டரை மாத்தோணும்" என்ற பையன் டிசம்பர் கோட்டின் மேல் ஒரு பழைய காலண்டர் அட்டையைப் போட்டுவிட்டு அதன்மேல் மிதித்துப் போவான். அவனுக்கு அது தேவைப்பட்டது, யாரும் தடுக்கவில்லை.

ஜூனில் தொடங்குவதில் ஒரு சிக்கல் வரத்தான் செய்தது. மே மாதம் கடைசி மாதம் ஆகிவிட்டது. ஏப்ரலும் மேயும் லீவ், அந்த இரண்டு கட்டமும் கொஞ்ச நாள் காலியாகவே கிடந்தன. அப்போது ஒரு பிள்ளையின் அப்பத்தா பள்ளிக்கு வந்தவர் வட்டத்தைப் பார்த்தார்.

"சித்திரைதானுங்க டீச்சர் மொத மாசம். நீங்க என்னுங்க ஜூன்ல ஆரம்பிக்கறீங்க?"

"பள்ளிக்கூடம் தொறக்கறது ஜூன்லதானுங்களே அம்மா."

"அது உங்க பள்ளிக்கூடத்துக்கு. வருசத்துக்கு?"

அந்தக் கேள்வியை வகுப்புக்குள் கொண்டுபோனேன். அதுவரை தமிழ் மாதங்களைப் பாடத்தில் தொடாமல்தான் வைத்திருந்தோம்.

இரண்டாவது தட்டு

பழைய நோட்டு அட்டையில் ஒரு வட்டம் வெட்டி இங்கிலீஷ் மாதங்கள் எழுதினோம். அதைவிடப் பெரிய வட்டம் இன்னொன்று, ஓரத்தில் தமிழ் மாதங்கள். இரண்டையும் நடுவில் நூல் முடிச்சால் கோத்தோம். சின்னத் தட்டு மேலே, பெரிய தட்டு கீழே. முதலில் பிள்ளைகள் கட்டத்துக்குக் கட்டம் நேராக வைத்தார்கள், ஜனவரிக்கு நேரே தை. பல பெரியவர்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்: தை என்றால் ஜனவரி, சித்திரை என்றால் ஏப்ரல்.

"பொங்கல் ஜனவரி எத்தனாம் தேதி?" என்று கேட்டேன். பதினாலு, பதினஞ்சு என்று குரல்கள். "அப்ப ஜனவரி ஒண்ணாந்தேதி தை மாசமா?" சிவகாசிக் காலண்டரை எடுத்துப் பார்த்தார்கள். மார்கழி. அந்த மனப்பாடச் சிறுமிதான் முதலில் தட்டைத் திருப்பினாள், பாதிக் கட்டம் மட்டும். "ஒவ்வொரு மாசத்துக்குள்ளயும் ரெண்டு மாசம் இருக்குது டீச்சர்" என்றாள். இரண்டு வரிசையும் முன்பே நாக்கில் இருந்ததால் அவளுக்கு ஒரு திருப்பலில் எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கு மதியத்துக்குள் எந்த இங்கிலீஷ் மாதத்தைச் சொன்னாலும் அதற்குள் வரும் இரண்டு தமிழ் மாதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மனப்பாடம் வீண் என்று இப்போது பயிற்சி வகுப்புகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த வகுப்பில் நான் பார்த்தது அப்படி இல்லை. பெயர்கள் நாக்கில் இருந்த பிள்ளைகள் வட்டத்தைப் பார்த்ததும் வேகமாகப் போனார்கள். மாந்தோப்புப் பையனுக்கு வருடத்தின் ஓட்டம் தெரியும், ஆனாலும் பெயர்களைப் பிடிக்கப் பொங்கல் தாண்டியது. பன்னிரண்டு பெயர்களில் எதற்கும் காரணம் சொல்லி விளங்கவைக்க முடியாது, திரும்பத் திரும்பச் சொல்லித்தான் வர வேண்டும். அவன் அதைப் பாட்டாகச் சொல்லாமல், அவனுடைய அடையாளங்களோடு சேர்த்துச் சொன்னான். பூ டிசம்பர், பிஞ்சு ஜனவரி, பறிப்பு பிப்ரவரி. ஜூலையும் ஆகஸ்ட்டும் தோப்பில் வேலை குறைந்த காலம். அந்த இரண்டும்தான் அவனுக்குக் கடைசியாக வந்தன.

மூன்றாவது தட்டு மலையாள மாதங்களுக்கு. இதற்கும் ஒரு பாதித் திருப்பல் வேண்டியிருக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். காலண்டரோடு ஒத்துப் பார்த்தால் அது தமிழ்த் தட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது. மேடம் சித்திரையின் மேல், கர்க்கடகம் ஆடியின் மேல், சிங்ஙம் ஆவணியின் மேல், விருச்சிகம் கார்த்திகையின் மேல். இரண்டுமே சூரியன் ராசி மாறுவதை வைத்துப் பிறக்கும் மாதங்கள், பெயர்தான் வேறு. கேரள வீட்டில் ராமாயணம் வாசிக்கும் கர்க்கடகமும் தமிழ் வீட்டில் கூழ் ஊற்றும் ஆடியும் ஒன்றே. அம்மா மலையாளமும் அப்பா தமிழுமாக உள்ள வீட்டுப் பையனுக்கு இது பெரிய செய்தி. மூன்று காலண்டர் இருப்பதாக நினைத்த வகுப்புக்கு இப்போது இரண்டுதான்.

சில மாதங்களில் மட்டும் ஒருநாள் வித்தியாசம் வரும். 2023இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15. சூரியன் ராசி மாறும் நேரம் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் தமிழ்க் கணக்கில் அன்றைக்கே மாதப் பிறப்பு. கேரளக் கணக்கில் அந்த எல்லை பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மாறினால் கேரளத்தில் மறுநாள்தான். 2024இலும் 2025இலும் இரண்டும் ஏப்ரல் 14லேயே வந்தன. இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அந்த இரட்டைமொழி வீட்டில் சில வருடம் இரண்டு நாள் பாயசம் என்பது அவர்களுக்கே தெரியும், அது போதும்.

அப்புறம் அப்பத்தாவின் கேள்விக்கு வந்தோம். தட்டில் சிவப்பு மையால் தொடக்கங்களைக் குறித்தோம். ஜனவரியில் ஒன்று, பள்ளிக்கு ஜூனில் ஒன்று, சித்திரையில் ஒன்று. மலையாள வருடம் சிங்ஙத்தில் பிறக்கிறது. கி.பி. 825இல் தொடங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கு அது, 2024 ஆகஸ்டில் 1200ஆம் ஆண்டு பிறந்தபோது இங்கே பேச்சாகவே இருந்தது. ஆக நான்கு புள்ளிகள். பன்னிரண்டு மாதம் மாறவில்லை, எந்த இடத்திலும் "ஆரம்பம்" என்று எழுதலாம் என்றதும் பிள்ளைகள் தட்டைத் திருப்பித் திருப்பித் தங்கள் பிறந்த மாதத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள். நான் செய்யச் சொல்லவில்லை, அவர்களாகவே வைத்துக்கொண்ட விளையாட்டு. அதற்கப்புறம் தனியாகக் கேட்டபோது, நடுவிலிருந்து தொடங்கும் கேள்விகளில் முணுமுணுப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. இடையில் பிள்ளைகளுக்கு அரை வயதும் கூடியிருந்தது. தட்டின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று ஒரு வகுப்பை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மேஜையில் தட்டு இல்லாதபோதும் சிலர் விரலால் காற்றில் வட்டம் போட்டுப் பதில் சொன்னார்கள். ஜூனில் அதை யாரும் செய்யவில்லை.

எல்லைப் பிள்ளைகளுக்குக் காலண்டர் அதிகம், அதனால் குழப்பம் அதிகம் என்ற பேச்சை இதற்குப் பிறகு நான் ஏற்பதில்லை. ஒரே காலண்டர் உள்ள பிள்ளைக்கு ஜனவரி என்ற ஒற்றை வாசல்தான். இவர்கள் வீட்டிலேயே நான்கு வாசல் கிடக்கிறது. திறந்துவிடத்தான் ஆள் வேண்டும்.

நிற்கிற பண்டிகை, நகர்கிற பண்டிகை

மாதத்துக்கு ஒரு பண்டிகை என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். இந்தப் பக்கத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. ஓணத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது? 2023இல் திருவோணம் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. "போன வருசம் செப்டம்பர்னீங்க, இந்த வருசம் ஆகஸ்ட்டுங்கறீங்க" என்று பிள்ளை கேட்டால் பல புத்தகங்களில் பதில் இல்லை.

நாங்கள் அடையாளங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டோம். நகராதவற்றுக்குத் துணி கிளிப். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 மாதிரி இங்கிலீஷ் தேதியில் வருபவை உள்தட்டில். பொங்கலும் விஷுவும் வெளித்தட்டில், மாதத்தின் முதல் நாளில். நெம்மாறை வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவும் இதில் சேரும். மீனம் 20 என்று சூரிய மாதத் தேதியிலேயே வருவதால் எந்த வருடமும் ஏப்ரல் 2 அல்லது 3ஐ விட்டு நகராது. வாணவேடிக்கை பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு இது பிடித்த கிளிப்.

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் புளியங்கொட்டை. நட்சத்திரத்தையும் அமாவாசையையும் பார்த்து வருபவை என்பதால் வருடத்துக்கு வருடம் நகரும். ஆனால் ஓணம் சிங்ஙக் கட்டத்தைத் தாண்டாது, தீபாவளி ஐப்பசியை விட்டுப் போவது அபூர்வம். உள்தட்டில் பார்த்தால் ஓடித் திரிவதாகத் தெரிகிற பண்டிகை வெளித்தட்டில் பார்த்தால் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு தட்டு எதற்கு என்று கேட்ட ஒரு அப்பாவுக்கு இதைத்தான் காட்டினேன். "இங்கிலீஷ் மாசம் தெரிஞ்சாப் போதும்னு நெனச்சேனுங்க" என்றவர், ஓணக் கொட்டையைத் தானே நகர்த்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது வகை ரம்ஜான் நோன்பு. ஒரு ராவுத்தர் வீட்டுப் பையன் கூழாங்கல் கொண்டுவந்தான். அது எந்தத் தட்டிலும் ஒரே கட்டத்தில் நிற்காது. சந்திரனை மட்டும் வைத்து ஓடும் வருடம் 354 நாள் அளவு, அதனால் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். பெருநாள் இங்கே 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 10, 2025இல் மார்ச் 31. கல்லை அவனே பின்னோக்கி நகர்த்தினான். "அப்ப நோன்பு ஜூன்லயும் வருமா டீச்சர்?" 2016இல் ஜூனில்தான் ஆரம்பித்தது, மறுபடி அங்கே வர, வட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டு, ஏறத்தாழ 33 வருடம் ஆகும் என்றேன். அவன் வீட்டில் போய் விசாரித்துவிட்டு வந்து, அவனுடைய பெத்தம்மா (பாட்டி) மழைக்காலத்தில் நோன்பு பிடித்ததையும் கொடும் வெயிலில் பிடித்ததையும் சொன்னதாக வகுப்பில் சொன்னான். எந்தக் கட்டத்திலும் பொருந்தாமல் இருந்த அவன் வீட்டு மாதம்தான் மற்ற பிள்ளைகளுக்கு, வருடம் சுற்றுகிறது என்பதைக் கண்ணால் காட்டியது.

பிறந்தநாளும் முஷ்டிக் கணக்கும்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறந்தநாள்களை வட்டத்தில் ஒட்டினோம், வீட்டுப் பெரியவர்களுடையதையும் சேர்த்து. தாத்தாக்கள், அப்பத்தாக்கள் பலர் மே மாதத்தில் குவிந்துவிட்டார்கள். கேரளத்தில் இது பழைய கதை. ஜூனில் பள்ளியில் சேர்க்க வயது காட்ட வேண்டும் என்று அந்தக் காலத்தில் மே தேதி போட்டுக் கொடுத்தார்கள். அரசு ஊழியர்கள் மே 31இல் கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறுவதும் அதனால்தான். "எங்க தாத்தா நெசமா எப்பப் பொறந்தாங்க?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "மாசி மாசம், பெரிய மழை பேஞ்ச வருசம்" என்று ஒரு தாத்தா சொல்லியனுப்பினார்.

நாள் எண்ணிக்கைக்குக் கை முஷ்டிதான். விரல் மூட்டு மேடு 31, பள்ளம் 30, பிப்ரவரி மட்டும் தனி. ஜூலையும் ஆகஸ்ட்டும் பக்கத்துப் பக்கத்து மேடாக வரும் இடத்தில் எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுந்து எழுந்தார்கள். தினக் காலண்டரைக் கிழிக்கும் பொறுப்பில் இருந்த பையன் ஆனி மாதத்துக்கு 32 தேதி இருப்பதைக் கண்டுபிடித்து, அச்சுப் பிழை என்று கொண்டுவந்தான். பிழை இல்லை. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளி, மெதுவாக நகர்கிறது. அதனால் சூரியன் மிதுன ராசியைக் கடக்க அதிக நாள் பிடிக்கிறது. மார்கழியும் தையும் 29, 30 நாளில் முடிவது இதற்கு நேர் எதிரான காரணத்தால். இரண்டாம் வகுப்புக்கு நான் சொன்னது "ஆனியில சூரியன் மெதுவாப் போகும்" என்பது மட்டும்தான். அதையும் நான்காம் வகுப்பில் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும், நகர்வது நாம்தான் என்று.

ஆண்டு இறுதியில்

மார்ச்சில் ஜூன் மாதக் கேள்விகளையே மறுபடி தனித்தனியாகக் கேட்டேன். "அடுத்தது" எல்லோருக்கும் வந்தது, தாமதம் சிலருக்கு மட்டும். டிசம்பரைத் தாண்டுவதில் யாரும் நிற்கவில்லை. நடுவிலிருந்து தொடங்குவது பெரும்பாலானவர்களுக்கு வந்தது. தூரக் கேள்வியில் தரை வட்டத்தை மனதில் வைத்துக் காலை லேசாக அசைத்தவர்கள் உண்டு. வினாத்தாள் ஜனவரியிலிருந்துதான் கேட்கும் என்பதை ஆண்டு முழுக்கச் சொல்லியே வந்ததால் பரீட்சையில் யாரும் ஜூனில் ஆரம்பிக்கவில்லை.

"முந்தியது" இன்னும் ஆட்டம்தான். ஏப்ரலுக்கு முந்தியது என்றால் மார்ச் என்று வருகிறது. நவம்பருக்கு முந்தியது என்றால் பழைய முணுமுணுப்பு திரும்பிவிடுகிறது, அந்த வேகக்காரச் சிறுமிக்கும்கூட. வட்டத்தில் பின்னோக்கி நடக்கவைத்துப் பார்த்தோம், சிரிப்பும் மோதலும்தான் மிஞ்சின. இதை இந்த வயதில் மேலும் இறுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குக் கொடுத்த குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: பின்வரிசையை இப்போதைக்குத் தேர்வாகக் கேட்க வேண்டாம், மாந்தோப்புப் பையனுக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் இன்னும் சறுக்கும், அந்தக் கட்டங்களுக்கு அவன் வீட்டிலிருந்தே ஏதாவது அடையாளம் கேட்டு வாங்க வேண்டும், தட்டுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன, நடு நூல் தளர்ந்திருக்கிறது, மாற்றிக் கட்ட வேண்டும், நோன்புக் கல்லை ஜூனிலேயே பத்துப் பதினோரு நாள் பின்னோக்கித் தள்ளிவிடச் சொல்லி அந்தப் பையனே கேட்டிருக்கிறான்.